ஓர் இடைவெளி விளைத்த வினை



பள்ளியில் இலக்கணம் பயின்ற நண்பர் சிலருக்கேனும் ‘செம்பொன்பதின்றொடி’ என்னும் எடுத்துக்காட்டு நினைவிருக்கும். தொல்காப்பியத்திற்கு உரை கண்ட பெரியோர் காட்டியது அது. ‘செம்பொன் பதின்தொடி’ என்று பிரித்தால் பொன்; ‘செம்பு ஒன்பதின் தொடி’ என்று பிரித்தால் செம்பு. எழுத்துக்கள் அவையே, நிறுத்தும் இடந்தான் வேறு. அந்த இடம் மாறியதும் பொன் செம்பாகிறது, பத்து ஒன்பதாகிறது. தமிழாசிரியர் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதே இனத்தைச் சேர்ந்த ஓர் இடைவெளி, பல ஆண்டுகளுக்குப் பின் பொம்மசந்திராவில் என்னைத் தலைகுனிய வைக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது.

சொல்லை இலக்கணநூலார் பகுத்துப் பொருள் காண்பது போலவே, கணிப்பொறியும் தனக்கு நாம் எழுதித் தரும் குறிப்புகளைப் பகுத்துத்தான் பொருள் காண்கிறது. அது சரியாகப் பகுத்தால் நாம் சொன்னது நடக்கும். தவறாகப் பகுத்தால் நாம் சொல்லாதது நடக்கும். பாதுகாப்பிற்காக எழுதப்பட்ட மென்பொருள் ஒன்றே தன் குறிப்பைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதை, என் அனுபவத்தைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

பொம்மசந்திராவில் நடந்தது

ஓசூர்ச் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் பொம்மசந்திராத் தொழிற்பேட்டை. இன்னும் சிறிது தொலைவு சென்றால் அத்திப்பள்ளி. அதையும் கடந்தால் தமிழ்நாடு. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ இராஷ்ட்ரிய வித்யாலய சாலையிலிருந்து இங்கு வரை ஓடத் தொடங்கியபின், நம் வளாகத்து நண்பர்கள் பலருக்கும் இது அறிந்த பெயராகிவிட்டது. தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு இது குடியிருக்கும் ஊர். என் அறைக்கு அடுத்த அறையில் ஒரு பெரியவர் இருக்கிறார். திருப்பத்தூர்ப் பக்கத்தவர், ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. அவரை அண்ணன் என்றே அழைப்பேன்.

முதுகலைத் திட்டப்பணிக்காக அங்குள்ள சிறு மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். ஆலைகளின் வாயிலில் தொழிலாளர் கைரேகை வைக்கும் கணக்கைச் சம்பளம் போடும் கணிப்பொறிக்குக் கொண்டு சேர்ப்பது அவர்கள் தொழில். ஒரு கணிப்பொறி மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பி வேலை வாங்குவதை வலைச்சேவை என்பர். செய்தியை ஏற்கும் பக்கத்தில், அறுபது விநாடிக்கு மேற்பட்ட பழைய செய்தி எதையும் ஏற்கக்கூடாது என்று அமைக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. ஒரே ஒரு வரி. எழுதினேன். சோதனைகள் எல்லாம் தேறின.

மூன்று வாரம் சென்றது. ஒரு மாலை வலைத்தொடர்பு சற்று நேரம் தடைப்பட்டது. ஆலைப்பக்கத்துப் பொறி, ‘போய்ச் சேர்ந்ததோ இல்லையோ’ என்று தான் அனுப்பிய செய்தியையே நான்கு நிமிடம் கழித்து மறுபடி அனுப்பியது. பழைய செய்தி, தள்ளியிருக்க வேண்டும். தள்ளப்படவில்லை. ஒருவருடைய நான்கு மணி நேர ஓவர்டைம் எட்டு மணி நேரமாகப் பதிவாயிற்று. அந்த ஒருவர் என் பக்கத்து அறை அண்ணன்தான் என்பது பிறகே தெரிந்தது.

ஆலையில் யாரும் பொறியைச் சந்தேகிக்கவில்லை, மனிதரைச் சந்தேகித்தார்கள். வாயிற்காவலரோடு சேர்ந்து இருமுறை பதிவு செய்தாரா என்று இரண்டு நாள் அவரை நிறுத்திக் கேட்டார்கள். இரவு என் அறை வாசலில் வந்து உட்கார்ந்தார். “ஏன் தம்பி, நீ படிச்சவன். ஒரு தடவை வெச்ச விரல் ரெண்டு தடவையா விழுமா?” என்றார். “விழாதுண்ணே” என்றேன். உள்ளூர ஏதோ உறுத்தியது. மறுநாள் காலை முதல் வேலையாக அந்த ஒரு வரியைத் திறந்தேன்.

உறையும் முத்திரையும்

காரணத்தைச் சொல்லுமுன் அந்தச் செய்தி எப்படிப் பூட்டப்படுகிறது என்று காண்போம். ‘சோப்’ என்னும் முறையில் அனுப்பப்படும் செய்திக்கு ஓர் உறை உண்டு. உறைக்குள் தலைப்பு என்றும் உடல் என்றும் இரண்டு பகுதிகள். சொல்லவேண்டிய சேதி உடலில் இருக்கும். பாதுகாப்புக் குறிப்புகள் தலைப்பில் இருக்கும். இந்தப் பாதுகாப்புக்கு ஒரு பொது வழியை 2002 ஏப்ரலில் ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், வெரிசைன் ஆகிய நிறுவனங்கள் முன்வைத்தன. 2004 ஏப்ரலில் ‘ஒயாசிஸ்’ அமைப்பு அதைத் தரமாக ஏற்றது. 2006இல் அதன் அடுத்த பதிப்பு வந்தது.

பதிவுத் தபாலை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அரக்கு முத்திரை, இடையில் எவரும் மாற்றவில்லை என்பதற்குச் சான்று. அதுவே இங்கே மின்கையொப்பம். உள்ளிருப்பதைப் பிறர் படிக்காதபடி மறைப்பது மறையீடு. தபால் நிலையத்துத் தேதி முத்திரை, கடிதம் எப்போது புறப்பட்டது என்பதைக் காட்டும். அதுவே இங்கே நேரமுத்திரை. ஒருவன் நம் செய்தியைத் திறக்கவும் வேண்டாம்; திருத்தவும் வேண்டாம். அப்படியே படியெடுத்து வைத்திருந்து மறுநாள் திரும்ப அனுப்பினாலே போதும், கையொப்பம் செல்லும். நூறு ரூபாய் கொடுக்கச் சொன்ன செய்தி இருமுறை வந்தால் இருநூறு போய்விடும். அதைத் தடுப்பதற்குத்தான் நேரமுத்திரையும், ‘இத்தனை விநாடிக்குள் வந்தால்தான் செல்லும்’ என்ற வரம்பும்.

ஜாவா மொழியில் இந்த வேலையைச் செய்யும் நூலகம் ஒன்று அப்பாச்சி அமைப்பின் கீழ் வளர்ந்தது. டபிள்யூ.எஸ்.எஸ்.ஃபோர்.ஜே. என்பது அதன் பெயர். வெர்னர் டிட்மன், தாவணம் சீனிவாஸ் ஆகியோர் அதன் தொடக்ககால ஆசிரியர்கள். இவர்களுள் சீனிவாஸ், 2005இல் சஞ்சீவ வீரவரணவும் பால் ஃப்ரீமேன்டிலும் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.டூ. நிறுவனத்திலும் பங்கு கொண்டவர். கொழும்பில் வேரூன்றிய நிறுவனம் அது. அப்பாச்சியின் ‘ஆக்சிஸ்டூ’ என்ற வலைச்சேவைப் பொறியையும், அதற்கு அரணான ‘ராம்பார்ட்’ என்ற பகுதியையும் வளர்த்ததில் இலங்கைப் பொறியாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த ராம்பார்ட்டின் அடித்தளமும் மேற்சொன்ன நூலகமே. ஆகவே இது எங்கோ தொலைதேசத்தார் மட்டும் செய்த பொருள் அன்று. நம் அண்டை நிலத்து இளைஞர்களும் கைவைத்துச் செய்தது.

ஒரே வீட்டில் மூன்று வழக்கம்

இந்நூலகத்திற்குக் கட்டளைகளை ஒரு குறிப்புக் கோப்பின் வழியாகத் தரலாம். ‘என்னென்ன செய்ய வேண்டும்’, ‘எந்தப் பகுதிக்குக் கையொப்பம்’, ‘எத்தனை விநாடி செல்லும்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எல்லாம் வெறும் எழுத்துக்களே. அவற்றைப் பகுத்து எண்ணாகவும் ஏவலாகவும் ஆக்கிக்கொள்வது நூலகத்தின் பொறுப்பு.

என் வரியைப் பார்த்தேன். 60 என்றே இருந்தது. பத்துமுறை பார்த்தாலும் 60தான். வரியின் கடைசிக்குப் போகும் விசையை அழுத்தினேன். மினுக்கும் கோடு சுழியத்தை ஒட்டி நிற்கவில்லை; ஒரு கட்டம் தள்ளி நின்றது. வேறோர் ஆவணத்திலிருந்து எண்ணை எடுத்து ஒட்டியபோது அதன் பின்னே ஓர் இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது!

ஜாவாவின் குறிப்புக் கோப்பு, மதிப்புக்கு முன்னிருக்கும் இடைவெளியை விட்டுவிடும். பின்னிருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளும். எழுத்தை எண்ணாக்கும் ஜாவாவின் கருவியோ கண்டிப்பானது. இலக்கமல்லாத ஓர் எழுத்து கலந்திருந்தாலும், அது கண்ணுக்குத் தெரியாத இடைவெளியாயினும், ‘இஃது எண் அன்று’ என்று பிழை கூவும். இதுவரை குறையில்லை. அந்தக் கூவலைக் கேட்ட நூலகம் என்ன செய்தது என்பதில்தான் வினை இருக்கிறது. அது யாரிடமும் சொல்லவில்லை. பிழையை விழுங்கிவிட்டுத் தன் வழக்கமான எண்ணை வைத்துக்கொண்டது. அந்த வழக்கமான எண் 300. அதாவது ஐந்து நிமிடம். நான் ஒரு நிமிடத்தில் கதவைச் சாத்தச் சொன்னேன். அது ஐந்து நிமிடம் திறந்து வைத்தது. நான்காம் நிமிடத்தில் பழைய செய்தி உள்ளே வந்துவிட்டது.

இந்த வழக்கத்தை அந்நூலகத்தின் பல பதிப்புகளில் காணலாம். 60 என்பதற்குப் பின் விநாடியைக் குறிக்க ஓர் எழுத்தைச் சேர்த்தாலும் 300தான். எண்ணுக்கு முன் கழித்தற்குறி இட்டாலும் 300தான். ராம்பார்ட்டிலும் வரம்பின் இயல்பான எண் 300. எழுத்து எண்ணாகாவிட்டால் அமைதியாக அதையே எடுத்துக்கொள்ளும் வழக்கம் அங்கும் உண்டு.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. அதே நூலகத்தின் மற்ற வரிகளில் அதே இடைவெளியை வைத்துப் பாருங்கள். ‘என்னென்ன செய்ய வேண்டும்’ என்ற வரியில் செயல்களின் பெயர்களைப் பிரிப்பதே இடைவெளிதான். அங்கே அது கட்டாயம் வேண்டும். திறவுகோல் பெட்டகத்தின் கடவுச்சொல்லைப் படிக்கும்போது ஓரத்து இடைவெளிகளைத் துடைத்துவிட்டுப் படிக்கிறது. அங்கே அது தூசு. விநாடி வரியிலோ அது எண்ணையே அழித்துவிடுகிறது. அங்கே அது நஞ்சு. ஒரே வீட்டில் மூன்று வழக்கம்! விருந்தாளி எந்த அறையில் செருப்பைக் கழற்றுவது?

பிழை கண்டபோது நடந்துகொள்வதிலும் இதே முரண்பாடு. ஆம், இல்லை என்று விடை கேட்கும் வரிகளில் ‘ட்ரூ’ அல்லது 1, ‘ஃபால்ஸ்’ அல்லது 0 என்பவையே செல்லும். வேறு எதை எழுதினாலும் நூலகம் பிழை என்று அறிவித்து நின்றுவிடும். அறியாத செயலின் பெயரைக் கண்டாலும் நின்றுவிடும். அங்கெல்லாம் காவற்காரன் கண்டிப்பானவன். எண் வரியில் மட்டும் அவன் ஏன் கண்ணை மூடிக்கொண்டான்?

நூலகத்தை எழுதியோர் பக்கமும் நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. இரண்டு கணிப்பொறிகளின் கடிகாரங்கள் எப்போதும் ஒத்திருப்பதில்லை. அதனால் ஐந்து நிமிடம் என்பது மடமையான எண் அன்று. ஓர் எழுத்துப் பிழைக்காகச் சேவை முழுவதும் நின்றுபோவதை யார் விரும்புவர் என்றும் அவர்கள் எண்ணியிருக்கலாம். மேலும், வந்த நேரமுத்திரைகளை நினைவில் வைத்து, கையொப்பமிட்ட அதே செய்தி மறுபடி வந்தால் தள்ளிவிடும் ஏற்பாட்டைப் பிந்தைய பதிப்புகளில் சேர்த்துவிட்டார்கள். நாங்கள் பயன்படுத்தியது அந்த ஏற்பாடு இல்லாத பழைய பதிப்பு. பழையதைப் புதுப்பிக்காமல் வைத்திருந்ததும் குற்றமே.

சென்னை முப்பத்தாறு ஆன கதை

இந்த நோய் ஒரு நூலகத்தோடு நிற்பதன்று. ‘யாமல்’ என்றொரு குறிப்பு மொழி உண்டு. 2005இல் வெளிவந்த அதன் 1.1ஆம் பதிப்பின் விதிப்படி, சுழியத்தில் தொடங்கி 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களால் ஆன எண், எட்டடிமான எண்ணாகக் கொள்ளப்படும். சென்னையின் தொலைபேசிக் குறியீடு 044. அதை மேற்கோள் குறியின்றி எழுதினால் நான்கு எட்டும் நான்கும் கூட்டி 36 என்று படித்துவிடும். நம் பெங்களூரின் 080இலோ எட்டு என்னும் இலக்கம் இருக்கிறது. எட்டடிமானத்தில் அந்த இலக்கமே இல்லை. ஆகவே பைதான் மொழியில் பலரும் கையாளும் யாமல் நூலகம் அதை எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகவே விட்டுவிடும். ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதிய இரண்டு ஊர்களில் ஒன்று பிழைத்தது. ஒன்று எண் மாறியது! நார்வே நாட்டின் ஈரெழுத்துக் குறி, ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்னும் சொல்லாகவும் இருப்பதால், அந்நாடே ‘இல்லை’ என்று படிக்கப்பட்ட கதையும் இந்தத் துறையில் பலர் அறிந்தது. 2009இல் வந்த 1.2ஆம் பதிப்பு இவ்விதிகளைத் திருத்தியது. ஆனால் பழைய விதியைக் கையாளும் நூலகங்கள் இன்னும் பல.

படிப்பவர் இருவர் ஒன்றையே வெவ்வேறாகப் படித்தால் பூட்டே பயனற்றுப் போகும் என்பதற்கு வேறொரு சான்றும் தருகிறேன். கையொப்பமிட்ட பகுதியை உறைக்குள்ளேயே வேறிடத்திற்கு நகர்த்திவிட்டு, அதன் இடத்தில் பொய்யான ஒன்றை வைக்க முடியும் என்பதை 2005இல் மக்கின்டாஷ், ஆஸ்டெல் என்னும் இரு ஆய்வாளர்கள் காட்டினர். சரிபார்க்கும் பகுதி மெய்யைப் பார்த்து ‘சரி’ என்னும். வேலை செய்யும் பகுதி பொய்யை எடுத்துச் செய்யும். 2011இல் ஜெர்மனியின் போகும் நகரத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமேசானின் மேகச் சேவையிலேயே இத்தகைய ஓட்டையைக் கண்டு வெளியிட்டனர், அது அடைக்கப்பட்டது.

எங்கே தாராளம், எங்கே கண்டிப்பு

இரண்டு பழைய கொள்கைகள் இங்கே நினைக்கத்தக்கவை. இணையத்தின் விதிகளை வகுத்தோருள் ஒருவரான ஜான் போஸ்டல், 1980ஆம் ஆண்டளவில், ‘நீ அனுப்புவதில் கண்டிப்பாயிரு, பிறரிடமிருந்து ஏற்பதில் தாராளமாயிரு’ என்ற கருத்தை முன்வைத்தார். உலகத்துப் பொறிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு அந்தத் தாராளம் பெரிதும் உதவிற்று. ஆனால் அதற்கு முன்பே, 1975இல், சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் பாதுகாப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் வேறொரு விதியைக் கூறினர். அனுமதி என்பது வெளிப்படையாகக் கொடுக்கப்பட வேண்டும். கொடுக்கப்படாதபோது மறுப்பதே இயல்பாயிருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

வெளியிலிருந்து வரும் செய்தி விருந்தாளி. அவர் பேச்சில் சிறு திக்கல் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். குறிப்புக் கோப்பு விருந்தாளி அன்று. அது வீட்டுக்காரன் காவற்காரனுக்கு இட்ட கட்டளை. ‘எத்தனை மணிக்குக் கதவைச் சாத்தச் சொன்னீர்கள்? சரியாகக் காதில் விழவில்லை’ என்று கேட்கும் காவற்காரனே நல்லவன். கேட்காமல் தன் மனம்போல் ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு, ‘சொன்னபடியே செய்கிறேன்’ என்பது போல நிற்பவனை நம்பி எவர் உறங்க முடியும்? முரடான பூட்டு நம்மை வெளியே நிறுத்திவிடும். அதனால் ஒரு மணி நேரம் வீணாகும். பூட்டியது போல் தோன்றும் திறந்த கதவோ, வீட்டையே கொள்ளை கொடுத்துவிடும். நான் சொல்ல விரும்புவது இவ்வளவே: பாதுகாப்பு மென்பொருள் தனக்கு விளங்காததை விளங்கியதாகக் காட்டிக்கொள்ளலாகாது.

நாம் செய்யத்தக்கன

நம்மில் பலர் நாளை இத்தகைய நிரல்களை எழுதப் போகிறவர்கள். இன்றே திட்டப்பணிகளில் எழுதிக்கொண்டிருப்பவர்கள். எழுதும்போது, எண் வேண்டிய இடத்தில் எண்ணல்லாதது வந்தால் தொடங்குமுன்பே நின்று, எந்த வரியில் எந்தச் சொல் விளங்கவில்லை என்று சொல்லச் செய்யுங்கள். ஓரத்து இடைவெளியைத் துடைப்பதானால் எல்லா வரிகளிலும் துடையுங்கள். துடைக்காவிட்டால் எங்கும் துடைக்காதீர்கள். தான் எப்படிப் புரிந்துகொண்டது என்பதை மென்பொருள் தொடங்கியதும் ஒருமுறை எழுதிக் காட்டட்டும். ‘வரம்பு: 300 விநாடி’ என்று ஒரு வரி என் கண்ணில் பட்டிருந்தால் மூன்று வாரம் கழிந்திராது.

இன்னொன்று, இதுவே முதன்மையானது. நான் செய்த சோதனைகள் எல்லாம் ‘புதிய செய்தி ஏற்கப்படுகிறதா?’ என்று கேட்டவை. ‘பழைய செய்தி தள்ளப்படுகிறதா?’ என்று ஒருமுறையேனும் கேட்டேனில்லை. பூட்டைச் சோதிப்பவன் சாவி போட்டுத் திறந்து பார்த்தால் மட்டும் போதுமா? சாவியில்லாமல் இழுத்தும் பார்க்க வேண்டாமா?

அன்று காலை, என் குழுத்தலைவியிடம் சென்று கணிப்பொறியைத் திருப்பிக் காட்டினேன். கன்னடம் பேசும் அம்மையார், கண்டிப்பானவர். “மேடம், தவறு என்னுடையது” என்றேன். அவர் அந்தக் கோட்டைச் சிறிது நேரம் பார்த்தார். “முதலில் ஆலைக்கு எழுது. பிறகு திருத்து” என்றார். எழுதினேன். பதிவு இரட்டித்தது பொறியின் பிழையால். தொழிலாளி ஒருமுறைதான் விரல் வைத்தார் என்று நேரங்களோடு எழுதினேன். நான் எழுதியவற்றுள் மிகப் பயனுள்ள அறிவியல் கட்டுரை அந்த அரைப்பக்கக் கடிதமாகத்தான் இருக்கும்.

மாலையில் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். இடைவெளி என்றால் என்ன என்று கேட்டார். ஒரு தாளில் அறுபது என்று எழுதி, பக்கத்தில் விரலை வைத்து, “இங்கே ஒன்றும் இல்லை பாருங்கள், அதுதான் அண்ணே” என்றேன். தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணுமே இல்லாததுக்கா ரெண்டு நாள் என்னை நிக்க வெச்சாங்க?” என்றார்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. நண்பர்களே, நாம் எழுதும் ஒவ்வொரு வரியின் மறுமுனையிலும் இப்படி ஒருவர் நிற்கிறார். வரியை முடித்ததும் ஒருமுறை அதன் கடைசி வரை சென்று பாருங்கள்.